மயிலையின் இடது கொம்பு

ஒரு ஊர்ல ஒரு அண்ணனும் ஒரு தங்கச்சியும் இருந்தாங்க. அண்ணன் பேரு வெயிலுமுத்து. தங்கச்சி பேரு சீனியம்மா. ம் கொட்டுறியா? நீ ம் கொட்டாட்டி தூங்கிட்டேன்னு நெனச்சு நிப்பாட்டிருவேன்.

“ம்.”

அந்த ஊர்க் கெணத்துல எல்லாம் உப்புத் தண்ணி. வாயில வச்சா தூன்னு துப்பணும். நல்ல தண்ணி வேணும்னா ரெண்டு மைல் போகணும். சீனியம்மாகிட்ட ஒரு ஒத்தமாட்டு வண்டி இருந்துச்சு. வண்டியில ரெண்டு பித்தள அண்டா. மாட்டுப் பேரு மயிலை. சாம்பலப் பூசிவிட்ட மாதிரி நெறம். கொம்பு வெள்ளக் கொம்பு, அதுல கருப்பா ஒரு கோடு சுத்திச் சுத்தி நுனி வரைக்கும் ஓடும். காலைல கடக் கடக் கடக்னு வண்டி வந்தா, தெருவே குடத்தத் தூக்கிட்டு வாசலுக்கு வந்துரும். தண்ணி வாங்குறவுக கம்போ சோளமோ குடுப்பாக. அதுலதான் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கஞ்சி.

அப்போ அண்ணன் என்ன செஞ்சான்னு கேக்கணுமே நீ?

“என்ன செஞ்சான்?”

கத்தி சேத்தான். மடக்குக் கத்தி. சட்டைப் பையில போட்டுக்கலாம், விரிச்சா சடக், மடக்குனா டப். அது வெட்டுமா வெட்டாதாங்கிறதப் பத்தி அவனுக்குக் கவலையே கெடையாது. பிடி அழகா இருக்கணும், அவ்வளவுதான். கருங்காலியில பிடி போட்டது ஒண்ணு. ஆமை ஓடு ஒண்ணு. எருமக்கொம்பு, சந்தனக்கட்ட, பித்தளையில மீன் செதுக்குனது. ஒரு மரப்பெட்டி செஞ்சு அதுல பன்னெண்டு குழி தோண்டி, சிவப்புத் துணி விரிச்சு, ஒம்பது குழியில குழிக்கு ஒரு கத்தி படுக்க வச்சிருந்தான், பிள்ளையத் தொட்டில்ல போட்ட மாதிரி. மூணு குழி காலி.

பக்கத்து வீட்டுக்காரன் வந்து, “வெயிலு, ஒரு மாங்கா கீறணும். ஒண்ணு குடேன்”னு கேப்பான்.

“போடா அங்கிட்டு. பால் பட்டுக் கறை புடிச்சிரும்.”

“பின்ன எதுக்குடா வச்சிருக்க?”

“பாக்க.”

அவன் வீட்டுலயே வெங்காயம் நறுக்கப் பக்கத்து வீட்டு அருவாமணையத்தான் வாங்கணும். சிரிக்காத, நெசமாத்தான்.

அப்புறம் ஒரு நா, மலையில இருந்து ஒருத்தர் தேன் விக்க வந்தாரு. இடுப்புல ஒரு கத்தி, மான் கொம்புல பிடி. மான் தானா உதுத்துட்டுப் போன கொம்பு. வெயிலுமுத்து பாத்தான். பாத்ததும் கைகால் ஓடல.

“எனக்கு வேணும்.”

“தேனு காய்ச்ச ஒரு அண்டா இருந்தா குடு”ன்னாரு அவரு.

வெயிலுமுத்து வண்டியில இருந்த ஒரு அண்டாவ இறக்கிக் குடுத்துட்டான். சாயங்காலம் சீனியம்மா வந்து பாத்தா, ஒரு அண்டாதான் நிக்குது.

“கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே அண்ணே”ன்னா. அவ்வளவுதான் சொன்னா. மறுநாள்ல இருந்து ஒரு நடை போற எடத்துல ரெண்டு நடை போனா. மயிலையும் ரெண்டு நடை போச்சு.

“ம்.”

அப்போ, ரெண்டாவதா, கடக்கரையில இருந்து கருவாட்டு வண்டிக்காரன் வந்தான். அவன்கிட்ட சிப்பியில பிடி போட்ட கத்தி. வெயில்ல பிடிச்சா பச்சையா மின்னும், சாய்ச்சா ரோஸா மின்னும். “என் மாட்டுக்குத் தீவனம் இல்ல”ன்னான் வண்டிக்காரன். கொல்லையில சீனியம்மா அறுவடைக்கு அறுவடை சேத்து வச்ச வைக்கப்படப்பு. வெயிலுமுத்து சர்ரு சர்ருன்னு உருவி உருவி வண்டியில ஏத்திவிட்டான்.

சீனியம்மா வந்து வெறும் எடத்தப் பாத்தா. காட்டுக்குப் போயி ஓலையும் சருகும் பொறுக்கிட்டு வந்து மயிலைக்குப் போட்டா. மயிலைக்கு விலா எலும்பு தெரிஞ்சுது.

பெட்டியில பதினோரு குழி நெறஞ்சுபோச்சு. இன்னும் ஒண்ணுதான்.

“அந்த ஒண்ணு எது?”

அதத்தான் சொல்ல வாரேன். கத்திக்குப் பிடி போடுற பிச்சாண்டி ஆசாரிகிட்டப் போயி, “கருப்புக் கோடு போட்ட வெள்ளக் கொம்பு கொண்டாந்தா பிடி போடுவீரா?”ன்னு கேட்டான்.

“விரல அடுக்கி, நாலு விரக்கட நீளத்துக்குக் கெட்டியாக் கொண்டா, போடுறேன்”ன்னாரு ஆசாரி. எந்த மாடுன்னு அவரும் கேக்கல, இவனும் சொல்லல.

வீட்டுக்கு வந்தான். “தாயி, மயிலைக்குக் கொம்பு நுனியச் சீவணும்ல?”

“பொங்கலுக்குத்தான சீவுனோம். வேண்டாம்.”

மறுநாளும் கேட்டான். “கொஞ்சமா சீவுறேன் தாயி.”

“வேண்டாம்ணே.”

மூணாம் நா கேட்டப்போ அவ திரும்பி நின்னா. “அண்டாவக் குடுத்த, படப்பக் குடுத்த. மாட்டத் தொடாத. அது நின்னா நம்ம அடுப்பும் நின்னுரும்”னா.

“ம்.”

எங்க, உன் கையக் காட்டு. இந்த நகத்து நுனிய வெட்டுனா வலிக்குதா?

“வலிக்கல.”

கொம்போட நுனியும் அப்படித்தான். சீவுனா மாட்டுக்குத் தெரியவே தெரியாது. ஊர்ல எல்லாரும் வருசா வருசம் சீவுறதுதான். அதனால வெயிலுமுத்து, கொம்புன்னா அடி வரைக்கும் நகம் மாதிரிதான்னு நெனச்சுட்டான். நுனியில ரெண்டு விரக்கடதான் கெட்டி. அதுக்குக் கீழ உள்ளுக்குள்ள உசுரு இருக்கு, ரத்தம் ஓடுது. இது அவனுக்குத் தெரியல. தெரிஞ்சவுக கிட்ட அவன் கேக்கவும் இல்ல.

சீனியம்மா சோளம் இடிக்கப் போயிருந்தா. உச்சி வெயிலு. மயிலைய வேப்பமரத்துல கட்டுனான். சீவத்தான் போறாகன்னு நெனச்சு அது தலையச் சாய்ச்சுக் குடுத்துச்சு. வருசா வருசம் குடுக்கிற தலைதான? நாலு விரக்கட வேணுமே, கூடக் கொஞ்சம் இருக்கட்டும்னு அளந்து, இடது கொம்புல கீழ எறங்கி ரம்பத்த வச்சான்.

கர்ரு. கர்ரு. கர்ரு.

பாதியிலயே மயிலை ம்மான்னு கத்துச்சு. அவன் கழுத்தக் கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். “இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு”ன்னே அறுத்தான். பொத்துன்னு கொம்பு விழுந்துச்சு. மாட்டு மொகமெல்லாம் செவப்பு.

அவன் கொம்பத் தூக்கிக்கிட்டு ஆசாரிகிட்ட ஓடுனான். ஆசாரி வாங்கிப் பாத்தாரு. நுனி மட்டும் கெட்டி, கீழ கொழாய் மாதிரிப் பொத்தல். அதுக்குள்ள இருந்து ரத்தம் அவரு வேட்டியில சொட்டுச்சு.

“அட பாவி! உசுரோட இருக்கிற மாட்டுலயா அறுத்த? நல்லா முத்துன கெழட்டு மாட்டு நுனிதான்டா பிடிக்கு ஆகும். செத்த மாட்டுக் கொம்பு தோல் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில கூடை கூடையாக் கெடக்கு. ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே பொறுக்கிக் குடுத்திருப்பேனே. இது எதுக்கும் ஆகாது. கொண்டு போ.”

“மாடு செத்துப்போச்சா?”

இல்ல கண்ணு. சீனியம்மா ஓடி வந்து, மஞ்சளும் அடுப்புச் சாம்பலும் வச்சு, சேலையக் கிழிச்சுக் கட்டுனா. ஒரு மாசத்துல புண்ணு ஆறிருச்சு. ஆனா மயிலை அதுக்கப்புறம் தலகிட்ட யாரையும் விடல. நொகத்தடியத் தூக்குனாலே வெட வெடன்னு நடுங்கும். சீனியம்மாவ, அவளையே, ஒரு தடவ தள்ளிவிட்டுருச்சு. வண்டி சாஞ்சு கெடந்துச்சு. அவ தலையில கொடத்த வச்சு ரெண்டு மைல் நடந்து பாத்தா. எத்தன வீட்டுக்கு ஊத்த முடியும்? தெருக்காரவுக வேற வண்டியப் பாத்துக்கிட்டாக. அடுப்பும் நின்னுபோச்சு.

“ம்.”

அப்புறம் ஒரு நா வெயிலுமுத்து மரப்பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தான். “தாயி, எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ. வித்து வேற மாடு புடி”ன்னான். அழுதான்கூட.

“எனக்கு ஒண்ணு போதும். குடு.”

“எது வேணும்? மான் கொம்பா, சிப்பியா?”

“எது வெட்டுமோ அது.”

பதினொண்ணையும் விரிச்சுப் பாத்தான். தீட்டாத கத்தியெல்லாம் மழுங்கிக் கெடந்துச்சு. கருங்காலிப் பிடி மட்டும் கொஞ்சம் பதமா இருந்துச்சு. அதக் கொண்டாந்து அவ முன்னால தரையில வச்சான்.

“ஏன் தரையில வச்சான்?”

கத்தியக் கைக்குக் கை குடுக்கக் கூடாதும்பாக. குடுத்தா, குடுத்தவுகளுக்கும் வாங்குனவுகளுக்கும் பகையாயிருமாம். கீழ வைக்கணும், மத்தவுக எடுத்துக்கணும்.

சீனியம்மா குனியல. கைய நீட்டுனா. “கையில குடு.”

“வேண்டாம் தாயி. பகை வந்துரும்.”

“வரட்டும்.”

அவன் எடுத்து அவ கையில குடுத்தான். சடக். அவ விரிச்சா. மயிலைகிட்டப் போயி, கைய மெதுவா, மெதுவாக் கொண்டு போனா. அன்னைக்கு என்னமோ அது நின்னுச்சு. மூக்கணாங்கயிற அறுத்தா. இனி அத யாரும் பூட்ட முடியாது பாரு. டப்னு கத்திய மடக்குனா. அதயும் கீழ வைக்காம அவன் கையிலயே திருப்பிக் குடுத்தா. குடுத்துட்டு, வீட்ட விட்டுத் தெருவோட நடந்தா. கயிறு இல்லாமலே மயிலை அவ பின்னால போச்சு.

“அப்புறம் அவுக பேசிக்கிட்டாகளா?”

இல்ல.

“கொம்பாவது மொளச்சுதா?”

அதுவும் இல்ல. அது மொளைக்காது கண்ணு.

இதுக்கு மேல கதையில ஒண்ணும் இல்ல. போர்வைய இழுத்துக்கோ, கண்ண மூடு.