ஒரு சங்கு எண்ணெய்

“மேஸ்திரி, பழைய எண்ணெய் ஒரு சொட்டு மிச்சமில்லாம இறங்கணும். எங்க ஓட்டை போடட்டும்?”

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி மொக்கராசு கேட்டார்.

“உங்க வண்டிதானண்ணே. நீங்களே தேடுங்க,” என்று சொல்லிவிட்டு ஜெபமாலை டீ குடிக்கப் போய்விட்டார்.

*

போடியில் மலையேறும் ஜீப்புகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர் ஜெபமாலை. வயது ஐம்பது. பொம்பளை என்ன மெக்கானிக் வேலை பார்த்துக் கிழிக்கப்போகிறாள் என்று ஒரு காலத்தில் வேடிக்கை பார்த்த ஊர், இப்போது அவர் ஷெட் வாசலில் வரிசையில் நிற்கிறது. மேஸ்திரி என்றால் அவர்தான்.

மொக்கராசு அவரைவிட ஆறு வயது மூத்தவர். முப்பது வருடமாக ஏலத்தோட்டத்துக்குக் காலையில் பெண்களை ஏற்றிப்போய், சாயந்திரம் இறக்கிக்கொண்டு வந்தவர். வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரர். வேலையைத் தள்ளிப்போடுவதில் அதைவிடக் கெட்டிக்காரர்.

பின் அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்குமே, டிஃபரன்ஷியல், அதற்கு எண்ணெய் ஊற்ற மேலே வழி உண்டு. வடிக்கக் கீழே துளை இல்லை, அவர் ஜீப்பில். மூடியைக் கழற்றி, உள்ளே வழித்து எடுத்து, புது பேக்கிங் வைத்து மூட வேண்டும். அரை நாள் வேலை.

அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றே ஒன்பது வருடம் ஓட்டினார்.

போன மழையில், பதினோரு பெண்கள் உள்ளே இருக்க, மலையுச்சி மெட்டுக்கு ஏறும் வளைவு ஒன்றில் பல்சக்கரம் உடைந்து பின்சக்கரங்கள் இறுகிக்கொண்டன. வண்டி பள்ளத்தைப் பார்த்து ஒரு ஆட்டம் ஆடி நின்றது. யாருக்கும் அடியில்லை. நனைந்துகொண்டே நடந்து இறங்கினார்கள்.

இறங்கும் முன் ஒச்சம்மா, அவர் மனைவியின் தங்கை, எல்லோர் எதிரிலும் சொன்னாள்.

“செத்தாலும் இனி ஒங்க வண்டியில ஏற மாட்டேன் மச்சான்.”

மற்ற பத்துப் பேரும் அவள் கட்சி.

ஜெபமாலை புதுப் பல்சக்கரம் போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு மொக்கராசு உர மூட்டைதான் ஏற்றினார். மூட்டை பேசாது. முப்பது வருடம் பதினோரு வாய் பேச்சைக் கேட்டுக்கொண்டே மலையேறிய மனுசனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

ஜெபமாலை புதுப் பல்சக்கரம் போட்டுக் கொடுத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியவர் போகவில்லை.

“எனக்கும் கத்துக் குடுங்க,” என்று ஷெட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எதுக்கு?”

“இந்த வண்டிய இனி அடுத்தவன் கையில குடுக்க மாட்டேன்.”

ஜெபமாலை ஒரு பழைய துணியைத் தூக்கி அவர் பக்கம் போட்டார். சேர்த்துக்கொண்டதற்கு அதுதான் அடையாளம்.

*

புதுப் பல்சக்கரம் உரசிப் பழகும்வரை பொடி உதிரும். அந்த எண்ணெயை ஒருமுறை மாற்றியாக வேண்டும். அதற்குத்தான் இப்போது ஓட்டை.

மொக்கராசு சமதரையில் வண்டியை நிறுத்தினார். அடியில் படுத்து, இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்து, கையால் தடவிப் பார்த்து, உருண்டையின் ஆகக் கீழான இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

ஜெபமாலை குனிந்து பார்த்தார்.

“ரொம்பச் சரியான இடம்.”

மொக்கராசுக்கு வாயெல்லாம் பல். “துளை போட்டுறவா?”

“சுண்ணாம்பு பூசுங்க.”

“எங்க?”

“உருண்டை பூராவும். பூசிட்டு, தோட்டம்வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.”

“எதுக்கு மேஸ்திரி?”

“மூட்டை ஏதாச்சும் இருந்தா ஏத்திக்குங்க. வெறும் வண்டியாவா போவீங்க?”

கேட்டதற்குப் பதில் வராது என்று மொக்கராசுக்கு அதற்குள் பழகியிருந்தது. சுண்ணாம்பு வாங்கப் போனார்.

*

தார்ச்சாலை மெட்டோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் தோட்டத்துப் பாதை. பாதை என்று பெயர்தான், பாறைதான் பாதி.

மத்தியானம் திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

சுண்ணாம்பு எல்லா இடத்திலும் அப்படியே இருந்தது. ஒரு இடத்தில் மட்டும் இல்லை. வட்டம் போட்ட இடத்தில் இரும்பு தெரிய நாலு கீறல்.

வெகுநேரம் வெளியே வரவில்லை.

“தூங்கிட்டீங்களாண்ணே?”

“துளைய அடைக்க இங்க நட்டு வச்சிருந்தா பாறை தட்டிக் கழண்டிருக்கும்,” என்றார் மொக்கராசு, அடியிலிருந்தே. “எண்ணெய் பூரா கொட்டியிருக்கும். மறுபடியும் ஏதோ ஒரு வளைவுல நின்னிருப்பேன்.”

ஜெபமாலை ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அப்ப பின்பக்கமாத் தள்ளி, ரெண்டு விரக்கடை மேல வைக்கணும்.”

“வைங்க.”

“வச்சா அடியில கொஞ்சம் எண்ணெய் தங்கிருமே?”

“எவ்வளவு தங்கும்?”

மொக்கராசு விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “பிள்ளைக்கு மருந்து புகட்டுற சங்கு இருக்குல்ல, அதுல ஒரு சங்கு.”

“சரி.”

“என்ன சரி? அதை எப்படி எடுக்க?”

“எடுக்க முடியாதுண்ணே. அடுத்த தடவை மாத்தும்போது புதுசோட கலந்து இறங்கிரும்.”

“அப்பவும் ஒரு சங்கு நிக்குமே?”

“நிக்கும்.”

“அதுக்கடுத்த தடவை?”

“நிக்கும்.”

“அப்ப இந்த வண்டி சுத்தமாவே ஆகாதா?”

ஜெபமாலை சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார். “நெத்திலிக் கருவாடு. சாப்பிடுறீங்களா?”

மொக்கராசு சாப்பிடாமல் வீட்டுக்குப் போய்விட்டார். கருவாட்டை வேண்டாம் என்று அவர் சொல்லி ஊரில் யாரும் பார்த்ததில்லை.

*

இரண்டு நாள் ஷெட் பக்கமே வரவில்லை. கோபம்தான், பின்னே என்ன. ஒன்பது வருடத்து அழுக்கால் பட்ட அவமானம் அவருக்கு. ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது என்று சபதம் போட்டு வந்தவரிடம் ஒரு சங்கு இருக்கட்டும் என்றால் எப்படி?

மூன்றாம் நாள் வந்தார். எண்ணெய் இளகட்டும் என்று மெட்டுவரை ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்து, பின்பக்கமாக, இரண்டு விரக்கடை மேலே, புதிதாக வட்டம் போட்டார்.

ட்ரில்லின் நுனியில் ஜெபமாலை கிரீஸ் அப்பிக் கொடுத்தார். துளை விழுந்ததும் எண்ணெய் இரும்புச் சீவலையும் தள்ளிக்கொண்டு கீழே வந்தது. மீன் கழுவின தண்ணீர் மாதிரி மினுங்கியது. கொஞ்சம் நல்ல எண்ணெய் விட்டு மீதிச் சீவலையும் அலசி விட்டார்கள். பிறகு நட்டு முறுக்க உள்ளே மரை போட்டார்கள். செம்பு வாஷரோடு, நுனியில் காந்தம் வைத்த நட்டு ஒன்று கச்சிதமாய் உட்கார்ந்தது.

புது எண்ணெய் ஊற்றினார்கள். மொக்கராசு ஒரு சுத்தமான பேசினை அடியில் வைத்து, நட்டைக் கழற்றி, ஊற்றிய எண்ணெயை அப்படியே இறக்கினார். திரும்ப மாட்டினார். மறுபடி ஊற்றினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“பன்னெண்டே நிமிசம் மேஸ்திரி!”

இன்னொரு தடவை இறக்கப் போனவரின் கையிலிருந்து ஸ்பேனரைப் பிடுங்க வேண்டியதாயிற்று. அப்படி ஒரு சந்தோஷம்.

“நாளைக்கு ஆள் ஏத்துங்கண்ணே.”

“ஏறணுமே.”

“கேட்டுப் பாருங்க.”

“என்னன்னு கேக்க?”

“வண்டியில என்ன வேலை பாத்தீங்கன்னு சொல்லுங்க.”

“அந்தச் சங்கு எண்ணெய் தங்குறதையும் சொல்லவா?”

ஜெபமாலை அதற்குள் அடுத்த ஜீப்புக்கு அடியில் போயிருந்தார். வெளியே கால் மட்டும் தெரிந்தது.

*

காலை ஆறு மணி. பதினோரு பெண்களும் தூக்குவாளியோடு வேறொரு ஜீப்புக்காகக் காத்து நின்றார்கள்.

மொக்கராசு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி வந்து, புது நட்டைப் பற்றிச் சொன்னார்.

முடிந்ததும் ஒச்சம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அழுக்கெண்ணெய் எல்லாம் போயிருமா?”

ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. பதினோரு பேரில் யார் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கப்போகிறார்கள்?

“போகாது,” என்றார். “எத்தனை தடவை மாத்தினாலும் ஒரு சங்கு அடியில தங்கத்தான் செய்யும். மழைக்கு முன்ன ஒருக்கா, மழைக்குப் பின்ன ஒருக்கா இறக்கி மாத்திருவேன். தள்ளிப்போட மாட்டேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்.”

பெண்கள் ஒச்சம்மாவைப் பார்த்தார்கள்.

ஒச்சம்மா தூக்குவாளியை முன்சீட்டில் வைத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

“எனக்கு ஒங்க மேல கோவம் இன்னும் போகல மச்சான்.”

“தெரியும்.”

“அது பூராவும் போகட்டும்னு ஒக்காந்திருந்தா, அங்க காய் பழுத்து உதிர்ந்துரும். வண்டிய எடுங்க.”