ஆளில்லாச் சரிவு

"இந்த ஜனங்களுக்கு வாயே கிடையாதா, மமா?" என்று கேட்டார் ஃபாதர் இன்னாசி.

மமா ஒதீலி மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கே. ஞாயித்துக்கிழமை உங்க பிரசங்கத்துல கொட்டாவி விட்டாங்களே, பாக்கலையா?"

ஊர் பெயர் முகோம்பெ. காங்கோவில், ஆற்றோரமாக ஒரு செம்மண் மேட்டின் மேல் இருக்கிறது. ஒதீலி அந்த ஊரில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார். அந்த நாட்டில் பெண்களை மரியாதையாக மமா என்பார்கள். ஃபாதர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஒதீலியைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆயர் அவரை நீதி, அமைதிப் பணிக்குழுவில் போட்டு, வேலையை ஒதீலியிடம் கற்றுக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஃபாதருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காததை மறைக்கவும் தெரியவில்லை.

"விளையாடாதீங்க மமா. நாளைக்கு அதிகாரி வர்றார். செம்பு தோண்ட இந்தச் சரிவை ஒரு கம்பெனி கேக்குது. வரைபடத்துல 'ஆளில்லாத நிலம்'னு கம்பெனிக்காரன் போட்டு வச்சிருக்கான்."

"தெரியும்."

"சண்டையில ஊர் ரெண்டு தடவை எரிஞ்சுது. வீடெல்லாம் புதுசு. நேத்து வந்து குந்தினவங்கன்னு சொல்றான். மூணு தலைமுறையா இருந்ததுக்கு, கல்லறை மாதிரி, அடையாளம் காட்டலன்னா வேலி போட்டுடுவான். ஊரே போயிடும்."

"அதுவும் தெரியும்."

"வீடு வீடாப் போய்க் கேட்டேன். ஒருத்தரும் பேசல."

"என்ன கேட்டீங்க?"

"உங்க உரிமை என்னன்னு தெரியுமான்னு."

மமா அடுத்த கிழங்கை எடுத்தார்.

"சரி, அவங்க பேச வேண்டாம். நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். குரலற்றவங்களோட குரலா நானே பேசிக்கிறேன்."

"அந்த நாப்பது பக்கத்துல யார் பேராவது இருக்கா?"

"பேர் எதுக்கு? 'பாதிக்கப்பட்ட மக்கள்'னு போட்டிருக்கேன்."

"நாளைக்குச் சிலுவையைத் தூக்கிட்டு முன்னால வாங்க. பேசாதீங்க."

"இது ஒரு பதிலா?"

"கிழங்கு உரிக்க வருமா? வராதுல்ல. போய்ப் படுங்க."

*

காலையில் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி, வரைபடத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்தார்.

"கல்லறை இருக்குன்னு மனு குடுத்திருக்கீங்க. எங்க? ஒரு கல்லுகூடக் காணோமே."

உண்மைதான். எல்லாம் மரச்சிலுவைகள். கரையான் தின்றுவிட்டது. சரிவில் புல்லும் ஆமணக்கும்தான் நின்றன.

சிலுவையைப் பிடித்திருந்த ஃபாதர் வாயைத் திறந்தார். மமா பார்த்தார். ஃபாதர் மூடிக்கொண்டார்.

அந்த நாட்டுப் பூசையில் ஒரு வழக்கம். புனிதர்களைக் கூப்பிட்ட பிறகு, நல்லபடியாக வாழ்ந்து செத்த தங்கள் முன்னோரையும் கூப்பிடுவார்கள். மமா சரிவில் இறங்கி நின்று அதை ஆரம்பித்தார்.

"புனித மரியே!"

"எங்களோடு இரும்!" என்றது ஊர்.

"புனித யோசேப்பே!"

"எங்களோடு இரும்!"

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"முஜிங்கா! முதல் கிணறு தோண்டினவரே!"

ஒரு கிழவர் கூட்டத்தை விட்டு நடந்துபோய், புல்லில் ஓர் இடத்தில் நின்றார்.

"எங்களோடு இரும்!"

"ங்கோயி! எங்களுக்கெல்லாம் பேறுகாலம் பாத்தவளே!"

மூன்று பெண்கள் போய் ஓர் ஆமணக்குச் செடியருகே நின்றார்கள்.

"கடோன்டோ! ஆட்டைத் திருடி மறுநாளே திருப்பிக் குடுத்தவனே!"

"கொம்பை உடைச்சுல்ல குடுத்தான்!" என்று யாரோ கத்தினார்கள். சிரித்துக்கொண்டே சொன்னார்கள், "எங்களோடு இரும்!"

யார் கையிலும் தாள் இல்லை. யாரும் தேடவில்லை, தடுமாறவில்லை. பேர் விழுந்ததும் ஒருவர் போவார், நிற்பார். அடுத்த பேர். அடுத்தவர்.

ஒரு மணி நேரம் போனது.

அப்புறம்தான் ஃபாதர் அதைக் கவனித்தார். நின்றவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒரு வரிசைக்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. கயிறு பிடித்து நட்ட மாதிரி, ஒன்றுகூடக் கோணவில்லை. மேலே தாத்தாக்களின் குழி, கீழே பிள்ளைகளின் குழி. புல்லுக்குள் இருந்த ஊர் மனித உயரத்துக்கு எழுந்து நின்றது.



அதிகாரியும் பார்த்தார். பார்த்ததனாலேயே அவசரப்பட்டார்.

"போதும். பாட்டெல்லாம் சாட்சி ஆகாது. கயெம்பே, வண்டியை எடு!"

வண்டியில் யாரும் இல்லை.

டிரைவர் கயெம்பே மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தான். தொப்பி நெஞ்சோடு இருந்தது. பதினோரு வருஷமாக அவருக்கு வண்டி ஓட்டுகிறான். உன் ஊர் எது என்று அவர் கேட்டதே இல்லை.

"முவாம்பா!" என்றான் கயெம்பே. "எங்கம்மா!"

குனிந்து காலடிப் புல்லை விலக்கினான். 

"எங்களோடு இரும்," என்றது சரிவு முழுவதும், மெதுவாக.

 அதிகாரி வரைபடத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார். நேராக நடக்காமல், ஒவ்வோர் அடியும் பார்த்துப் பார்த்து, வரிசைகளுக்கு நடுவில் வந்தார். கயெம்பேயின் பக்கத்தில் குந்தி, பேனாவைத் திறந்தார்.

"அம்மா பேரு இன்னொரு தரம் சொல்லு. மெதுவா. தலைமாடு எந்தப் பக்கம்?"

கயெம்பே காட்டினான். அதிகாரி ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார்.

"உங்களுது?"

அவள் சொன்னாள். இன்னொரு புள்ளி. 'ஆளில்லாத நிலம்' என்று அச்சடித்த எழுத்தின் மேலேயே புள்ளிகள் விழுந்தன.

ஃபாதருக்குக் கை வலித்தது. சிலுவையைத் தரையில் ஊன்றலாம் என்று குனிந்தார். எங்கே ஊன்றுவது என்று தெரியவில்லை. அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மமா," என்றார், காதோடு. "எல்லாரும் வந்துட்டாங்களா?"

மமா ஒதீலி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது மேட்டுப்பக்கம்தான் ஃபாதர். ஆத்துப்பக்கம் இன்னும் கூப்பிடவே இல்லை."