ஒன்றும் வராத பாலிசி

நாச்சிமுத்து மாஸ்டருக்கு வயது அறுபத்தொன்று. அவருடைய குரு கோகிலவாணிக்கு ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி அறுநூறு பையன்களை ஒரே வரிசையில் நிறுத்தியவர் மாஸ்டர். ஓய்வு பெற்றதும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகி, திருச்செங்கோட்டில் அந்த அம்மாவிடம் தொழில் படித்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

அந்த அம்மாவின் ஆபீசுக்கு வரும் ஏஜென்ட்டுகளிடம் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது சொந்தப் பாலிசி முதிர்ந்து பணம் வந்தால் மறுநாள் எல்லோருக்கும் இனிப்பு. தொகை பெரிதென்றால் வீட்டிலிருந்து நெய் மணக்க வரும். சின்னதென்றால் கடை லட்டு.

அன்று காலை கோகிலவாணி ஒரு தூக்குவாளி நிறையக் கேசரி கொண்டுவந்தார். முந்திரி தாராளமாகக் கிடந்தது.

"பெரிய தொகையாட்டம் இருக்குதுங்களே மேடம். எவ்வளவு வந்துச்சுங்க?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் வரலீங்க."

"வரலீங்களா?"

"எங்கூட்டுக்காரர் பேர்ல டெர்ம் பாலிசி. இருபத்தஞ்சு வருஷம் கட்டி நேத்தோட முடிஞ்சுது. ஆள் போனா மட்டுந்தான் அதுல பணம். ஆள் இருக்கறாரு. சாப்பிடுங்க."

எடுத்த கேசரியை மாஸ்டர் அப்படியே வைத்தார். கட்டிய பணம் பூராவும் போயிருக்கிறது, இந்த அம்மா முந்திரி வறுத்துப் போட்டிருக்கிறார். தன்னை வைத்துக் கேலி செய்கிறாரோ என்றுகூட நினைத்தார்.

அவர் வந்தது வேறு காரியமாக. பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தார். அவருடைய மாப்பிள்ளை சுதாகருக்கானது. சுதாகர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர். வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே எங்காவது துளை போட்டுக்கொண்டிருப்பார். மகள் வெண்ணிலாவும் இரண்டு வயதுப் பேத்தியும் அவர் சம்பளத்தை நம்பித்தான் இங்கே இருந்தார்கள்.

"காப்பீடும் சேமிப்பும் சேர்ந்த திட்டமுங்க. வருஷம் முப்பதாயிரம். கடைசில போட்டதும் வரும், போனஸும் வரும். மாப்ளைக்கு இதுதான் புடிச்சிருக்குது. டெர்ம் பத்தி லேசா ஆரம்பிச்சேன். ஒண்ணும் ஆகலைன்னா கட்டுன காசு வீணுங்களா மாமான்னு கேட்டுட்டாரு."

"அவருக்குப் புடிச்சிருக்குது. சரி. உங்களுக்கு?"

மாஸ்டர் கொஞ்சம் தயங்கினார். "இதுல ஒரு வசதிங்க மேடம். பாப்பா படிப்பு, பாப்பா கல்யாணம்னு பேசிட்டே கையெழுத்து வாங்கிறலாம். டெர்ம்னா, நீங்க போயிட்டான்னு ஆரம்பிக்கோணும். மாமனார் வாயில அந்தச் சொல்லு வரலாமுங்களா? நாளைக்கு ஒரு கெட்டது நடந்துட்டா, இந்த வாய்தான் சொல்லுச்சும்பாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊரில் பாதிப் பேர் இந்த இரட்டைப் பயன் திட்டங்களில் சேர்வதே சாவைப் பேசாமல் காரியத்தை முடிக்கத்தான். லாபக் கணக்கெல்லாம் பிறகு சொல்லிக்கொள்வது.

கோகிலவாணி பேனாவை எடுத்தார். விண்ணப்பத்தில் காப்பீட்டுத் தொகை என்றிருந்த கட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, தாளை அவர் பக்கம் திருப்பினார். ஆறு லட்சம் என்று குண்டு குண்டாக மாஸ்டரே எழுதியிருந்தார்.

"வாயால சொல்லக் கூடாதுன்னீங்க. கையால எழுதியிருக்கறீங்களே மாஸ்டர். மாப்ளை போயிட்டா, வெண்ணிலாவும் குழந்தையும் காலம் பூரா இதுல பொழைச்சுக்கோணும்னு."

மாஸ்டர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். ஆறு லட்சம் என்றால் மாப்பிள்ளையின் ஒன்றரை வருஷச் சம்பளம். எழுதும்போது முதிர்வுத் தொகையைத்தான் நினைத்திருந்தார். விண்ணப்பத்தை இரண்டாக மடித்தார்.

"முப்பதாயிரத்துல மூணுல ஒரு பங்கு கட்டுனாப் போதும், டெர்ம்ல அம்பது லட்சத்துக்கு எடுக்கலாம். மிச்சத்தை அவரு தபால் ஆபீஸ்ல போடட்டும்," என்றார் கோகிலவாணி.

வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. கோகிலவாணியின் கணவர் சென்னியப்பன் சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர்.

மாஸ்டர் அவரிடமே கேட்டுவிட்டார். "ஏனுங்க, அன்னைக்கு அம்மா இந்தப் பாலிசிக்குக் கையெழுத்துக் கேட்டப்ப உங்களுக்குக் கோவம் வரலீங்களா?"

"வராமயா? கல்யாணமாகி ஒரு வருஷந்தான். என் உசுருக்கு வெலை போடறாளேன்னு ரெண்டு நாள் பேசல."

"சாப்பாட்டுக்கு மட்டும் மூணு வேளையும் சரியா வந்து உக்காந்தாரு," என்றார் கோகிலவாணி.

"அப்புறம் எப்படிங்க சம்மதிச்சீங்க?"

"மூணா நாளு ஆடிக் காத்துல ஒரு கம்பத்துல ஏறுனேன். மேல போயி இடுப்புக் கயித்த மாட்டறப்ப நெனைச்சேன். நான் விழுந்துருவேன்னு இது நெனைக்குதேன்னு ஒரு நாளாச்சும் கயித்து மேல கோவிச்சுக்கிட்டமா? இறங்கி வந்து கையெழுத்துப் போட்டுட்டேன்."

கேரியரை வைத்துவிட்டு அவர் வெளியே போனார்.

மாஸ்டர் அங்கேயே உட்கார்ந்து, கோகிலவாணிக்கும் கேட்கும்படி செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மாப்பிள்ளையை அழைத்தார். சுதாகர் சத்தீஸ்கரில் இருந்தார். ரிக் சத்தம் காதைக் கிழித்தது.

"மாப்ளை, கொஞ்சம் தள்ளி வாங்க." மைதானத்துக் குரல் இன்று எழவில்லை. "நீங்க இல்லாமப் போயிட்டா எம் பொண்ணும் பேத்தியும் என்ன பண்ணுவாங்கன்னு எனக்குப் பயமா இருக்குதுங்க. அந்த ஆறு லட்சம் பத்தாதுங்க. டெர்ம் எடுத்துக்கோணும்."

மாப்பிள்ளை கோபிப்பார் என்றுதான் எதிர்பார்த்தார்.

"எனக்கும் அந்தப் பயம் இருக்குதுங்க மாமா. வண்டி மலை இறங்கறப்பெல்லாம் வரும். உங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு விட்டுட்டேன்," என்றார் சுதாகர்.

மாஸ்டருக்கு உடம்பே லேசானது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"ஆனா ஒண்ணுங்க மாமா. இருபத்தஞ்சு வருஷம் கட்டறேன். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னு வெச்சுக்கங்க. அப்ப என்னங்க கெடைக்கும்?"

மாஸ்டர் போனைக் கோகிலவாணியிடம் நீட்டினார். போனைக் கோகிலவாணியிடம் நீட்டினார்.

வாசலில் சென்னியப்பன் மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அது கிளம்ப மறுத்தது. சலிக்காமல் மறுபடி உதைத்தார். கோகிலவாணி அவரைப் பார்த்தபடியே போனில் பேசினார்.

"ஒண்ணும் ஆகலைன்னா, அதுக்கு மேல உங்களுக்கு என்னங்க தம்பி வேணும்?"