செம்பி நண்டும் சிவந்த கசிவும்

ஒரு காட்டில் ஓர் அணை இருந்தது. சிங்கம் இருந்தது என்று சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தீர்களா, குழந்தைகளே? இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே, மண்ணும் கல்லும் கொட்டி யானைகள் கட்டிய ஒரு சின்ன அணைதான் இருந்தது. கட்டிய யானைகள் போய்ச்சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

மலையில் பெருமழை பெய்தால் வெள்ளம் உருண்டு புரண்டு வரும். அதைப் பிடித்து நிறுத்தி, பள்ளத்தில் குடியிருக்கும் சின்ன உயிர்களுக்குத் தீங்கு வராமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுவதுதான் அணையின் வேலை. அதற்காக அடியில் ஒரு மதகு வைத்து, ஒரு பெரிய கல்லால் அதை அடைத்திருந்தார்கள். மழைக்காலம் வருமுன் கல்லை நகர்த்தித் தண்ணீரைக் குறைக்க வேண்டும். வருகிற வெள்ளத்துக்கு இடம் வேண்டாமா?

ஆனால் ஏழு வருஷமாக அந்தக் கல்லை யாரும் தொடவில்லை. தளும்பத் தளும்ப நிற்கிற தண்ணீரைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அதைத் திறந்துவிட யாருக்கும் மனசு வரவில்லை. நல்லவேளை, அந்த ஏழு வருஷமும் பெருமழை பெய்யவில்லை.

அணையின் கரைக்கு வயதாகிவிட்டதல்லவா? வெளிப்பக்கம், அடிவாரத்தில், ஓரிடத்தில் தண்ணீர் மெல்லக் கசியும். தெளிவான, குளிர்ந்த தண்ணீர். அதன் பக்கத்துப் புதரில் சருகி என்ற சருகுமான் தன் குட்டியோடு குடியிருந்தாள். சருகுமான் என்றால் பெரிய மான் என்று நினைத்துவிடாதீர்கள். முயலைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

கரையின் உட்பக்கம், தண்ணீர் ஓரத்தில் வளை தோண்டிக் குடியிருந்தாள் செம்பி என்ற நண்டு. சாயங்காலம் இருவரும் கரைமேல் ஏறி வந்து, இருட்டும்வரை ஊர்க்கதை பேசுவார்கள்.

செம்பிக்குத் தோண்டுவது என்றால் உயிர். அந்த வருஷம் அவள் வயிற்று மடிப்புக்குள் நாற்பது குஞ்சுகள் இருந்தன. நாற்பது பேருக்கு ஓர் அறை போதுமா? கரைக்குள் மேலும் மேலும் தோண்டிக்கொண்டே போனாள். எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான்.

ஆடி மாதம் பிறந்தது. ஒருநாள் காலையில் செம்பி கண்விழித்தபோது, வளையின் கடைசி அறைச் சுவரைக் காணோம். அங்கே நூல்போலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற தண்ணீர் செம்மண்ணைக் கரைத்து இழுத்துக்கொண்டு போனது. செம்பி தன் கொடுக்கால் மண்ணை அள்ளி அள்ளி வைத்து அடைத்தாள். வைத்த மண்ணும் போனது.

அப்போது அந்த ஓட்டை வழியாக, வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டது. சருகியின் குரல்!

"கண்ணு, இங்க வா! கசிவுத் தண்ணி சிவப்பா வருது பாரு! புதுவெள்ளம் வந்தாச்சு!"

செம்பி மண் அள்ளுவதை நிறுத்தினாள். மழையே வராதபோது புதுவெள்ளம் எங்கிருந்து வரும்? இது கரையின் மண். தன் வளை வழியாகத்தான் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது. அது உடைந்தால் தண்ணீர் முதலில் விழுவது சருகியின் புதர்மேல்தான்.

அதற்குள் வெளியே ஒரே கொண்டாட்டம். ஆடியில், மலையிலிருந்து அணைக்கு வரும் ஆற்றில் சிவந்த தண்ணீர் வந்தால் புதுவெள்ளம் என்று ஆடிப்பாடுவது அந்தக் காட்டு வழக்கம். காட்டின் பெரிய மனிதர் தோகையார் என்ற மயில். மனிதர் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அவர் கசிவின் எதிரே நின்று முழங்கினார்.

"இத்தனை வருஷம் ஆத்துல வந்த புதுவெள்ளம், இந்த வருஷம் நம்ம அணை அடியிலயே வந்திருக்கு! எவ்வளவு பெரிய பாக்கியம்! நாளைக்குத் திருவிழா. தண்ணி தளும்ப நிக்கணும். அப்பதான் என் தோகை அதுல முழுசாத் தெரியும்!"

கரைக்குள் செம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பேசாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? எல்லோரும்தான் புதுவெள்ளம் என்று நம்பிவிட்டார்களே. உண்மையைச் சொன்னால் வீடு போகும். கோபத்தில் காட்டைவிட்டே துரத்தினாலும் துரத்துவார்கள். நாற்பது பிள்ளைகளோடு எங்கே போவாள்?

அந்த ஓட்டை வழியாகச் சருகியின் குட்டி சிரிப்பது கேட்டது.

செம்பி எழுந்தாள். கரை ஏறி, இறங்கி, கூட்டத்துக்குள் புகுந்து, கொம்பையா யானையின் காலடியில் போய் நின்றாள். அணையைக் கட்டிய யானைகளின் வம்சத்தில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

"அண்ணாச்சி, இது புதுவெள்ளம் இல்ல. மதகைத் திறங்க. தண்ணியைக் குறைங்க."

தோகையார் சிரித்தார். "நேரா நடக்கத் தெரியாதவ, நேராப் பேச வந்துட்டா!"

கூட்டமும் சிரித்தது. செம்பிக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் விடவில்லை.

"அண்ணாச்சி, கரைமேல ஏறி உள்தண்ணியைப் பாருங்க. புதுவெள்ளம்னா அதுவும்தான சிவந்திருக்கணும்?"

கொம்பையா ஏறிப் பார்த்தார். அணைத் தண்ணீர் பளிங்காக இருந்தது. மீன்களின் கண்கூடத் தெரிந்தது. அவர் இறங்கி வந்து, சிவந்த தண்ணீரைத் தும்பிக்கையால் தொட்டு முகர்ந்தார்.

"உள்ள தெளிவா இருக்கு, வெளிய கலங்கி வருது. அப்ப இந்த மண்ணு எங்கிருந்து வருது?"

"கரை வயித்துக்குள்ள இருந்து."

"உனக்கெப்படித் தெரியும்?"

செம்பி கொடுக்கை நீட்டிக் கரையைக் காட்டினாள். பிறகு சொன்னாள். "என் வளை அங்கதான் இருக்கு, அண்ணாச்சி. நான்தான் தோண்டினேன். என் தப்புதான்."

சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது.

"பாத்தீங்களா! இவளைக் காட்டைவிட்டே துரத்துங்க!" என்று தோகையார் கத்தினார். சருகி தன் குட்டியை இழுத்து அணைத்துக்கொண்டு, செம்பியையே பார்த்தாள். அந்தப் பார்வை செம்பிக்குத் தாங்கவில்லை.

கொம்பையா அந்தக் கரையை மேலும் கீழும் பார்த்தார்.

"துரத்துறதா இருந்தா, என்னைத்தான் முதல்ல துரத்தணும். அவ தோண்டினது ஒரு வருஷத் தப்பு. நான் மதகுக் கல்லைத் தொடாம இருந்தது ஏழு வருஷத் தப்பு. அவ தெரிஞ்ச உடனே சொல்லிட்டா. நான் இன்னிக்குத்தான் சொல்றேன்."

பிறகு அவர் யாரையும் கேட்கவில்லை. பள்ளத்தில் இருந்தவர்களை மேட்டுக்கு ஏறச் சொன்னார். ஏழு வருஷம் இறுகிப்போன கல்லில் நெற்றியை வைத்து முட்டினார். காலையில் ஆரம்பித்தவர், உச்சிவெயில் நேரத்தில்தான் அதை அசைத்தார். மதகு திறந்து, தண்ணீர் சீராக ஓடியது.

"ஐயோ, என் திருவிழா!" என்று தோகையார் அழுதார். அவரைச் சமாதானப்படுத்த அன்று யாருக்கும் நேரமில்லை.

இரண்டு நாளில் தண்ணீர் பாதியாக வடிந்தது. வளையின் வாசல் வெளியே தெரிந்தது. செம்பிதான் முன்னால் போய், தன் வீடு எங்கே திரும்புகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்று ஒவ்வோர் அறையாகக் காட்டினாள். கொம்பையா அந்த இடத்தைத் தோண்டித் திறந்து, களிமண் கொண்டுவந்து போட்டு மிதித்தார். பன்றிகள் மிதித்தன. சருகிகூடத் தன் குச்சிக் கால்களால் மிதித்தாள். பிள்ளைகளுக்காகக் கட்டிய அறையெல்லாம் மூடுவதைப் பார்த்து செம்பி அழுதாள்.

"அழாதக்கா," என்றாள் சருகி. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள் மதியம் மலை கறுத்தது. அப்படி ஒரு மழையை அந்தக் காடு பார்த்ததே இல்லை. அசல் புதுவெள்ளம் மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்து அணையில் மோதியது. பாதி காலியாக இருந்த அணை அதை வாங்கிக்கொண்டது. தண்ணீர் ஏறியது, ஏறியது, கரையின் உச்சிக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. களிமண் போட்ட இடம் கரையவில்லை. மதகு வழியாக மட்டும் தண்ணீர் அளவாகப் போனது. மேட்டிலிருந்து பார்த்தால் சருகியின் புதர் அப்படியே தெரிந்தது.

மழை விட்டதும் கொம்பையா செம்பியிடம் வந்தார்.

"கரையில மட்டும் இனி வீடு வேண்டாம்மா. கசிவுப் பக்கத்துல கல் அடுக்கித் தர்றேன், அங்க இரு. பழைய கரை கசியத்தான் செய்யும். தெளிவா கசிஞ்சா பயமில்ல, கலங்கினா உடனே சொல்லணும். அதுக்கு உன்னைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியல."

அன்று முதல் விடிந்ததும் கரைமேலிருந்து கொம்பையாவின் குரல் கேட்கும். "செம்பி, தண்ணி எப்படி?"

ஒருநாள் செம்பி அசந்து தூங்கிவிட்டாள். சருகியின் குட்டி ஓடிப்போய்க் கசிவில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "பெரியம்மா தூங்குறாங்க! தண்ணி தெளிவு!" என்று கத்தியது.

உடனே கல்லிடுக்குகளிலிருந்து நாற்பது குஞ்சுகளும் தலையை நீட்டி, "தெளிவு! தெளிவு! தெளிவு!" என்று கத்தின. செம்பி விழித்துக்கொண்டாள். ஆனாலும் எழுந்து போய் ஒரு தடவை தானே பார்த்தாள்.

நீதி: தன் தவற்றை ஒளிக்காமல் காலத்தில் சொல்பவரே எல்லோரையும் காப்பார்.