சுணை

சோலைக்காட்டை ஒட்டிய குடிலில் சிவகாமி அம்மை இருந்தார். சீடர் நஞ்சுண்டன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர், மனைவி மாதி இறந்த பிறகு மலையேறி வந்தவர். அவர் "அம்மா" என்பார். அம்மை "அண்ணா" என்பார்.

வரும்போது அவர் கொண்டுவந்தது ஒரு கம்பளி மட்டும். இரண்டு துண்டுகளை மாதிதான் பெருங்காஞ்சொறி நூலால் இணைத்திருந்தாள். தொட்டால் தீயாய் எரிக்கும் காட்டுச்செடியின் நார் அது. நூல் நைந்து, இப்போது நடுத்தையல் பிரிந்துகிடந்தது.

ஒருநாள் நஞ்சுண்டன் அதை அடுப்படிக்கு எடுத்துவந்தார்.

"இதப் பாக்கறப்பல்லாம் அவ ஞாபகம். வலி தாங்கலம்மா. எரிச்சிடட்டுமா?"

"எரிங்கண்ணா. ஆனா கிழிசலோட அனுப்ப வேண்டாம். தைச்சிட்டு எரிங்க."

நூலுக்குப் பெருங்காஞ்சொறி தேடி நஞ்சுண்டன் ஓடைக்கரைக்குப் போனார். கைகளில் துணி சுற்றி, தண்டுகளை அறுத்து, எரிக்கும் முள்மயிரான சுணை ஒன்றுகூட மிஞ்சாமல் கத்தியால் சீவினார். வெள்ளை வெளேரென்று கொண்டுவந்து வைத்தார்.

அம்மை ஒன்றை எடுத்து வளைத்தார். படக்கென்று முறிந்தது.

"நார் எங்கண்ணா?"

அவர் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "தோலோட போயிருச்சு."

மறுபடி போனார். துணி சுற்றிய விரல்களில் உரித்த தோல் நிற்காமல் வழுக்கியது. துணியை அவிழ்த்துப் போட்டு வெறுங்கையால் உரித்தார். மணிக்கட்டுவரை கை தடித்துச் சிவந்தது. மணமான புதிதில் இதே செடியில் உரசிக்கொண்டு அவர் குதித்ததும், எரிச்சல் அடங்க அவர் கையில் சேறு அப்பியபடியே மாதி சிரித்ததும் நினைவுக்கு வந்தன. "செடிக்கே உங்களத் தொட்டுப் பாக்க ஆசை, நான் என்ன செய்ய?" என்று அன்று கேலி செய்தாள். ஓடைக்கரையில் தனியாக உட்கார்ந்து நஞ்சுண்டன் சிரித்தார். பிறகு வெகுநேரம் அழுதார்.

தோலைச் சாம்பல் நீரில் வேகவைத்து, அலசி, உலர்த்தி, தொடையில் வைத்துத் திரித்தார். மறுநாள் சாயங்காலம் கம்பளியைத் தைத்து முடித்தார். அவள் தையலில் மிஞ்சியிருந்த இடங்களை அவர் பிரிக்கவில்லை.

மலையில் பனி இறங்கியது. அம்மை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார்.

"நெருப்பு நல்லா புடிச்சிருக்கண்ணா."

நஞ்சுண்டன் கம்பளியை மடித்தார். விரித்தார். கடைசியில் தோளில் போர்த்திக்கொண்டார்.

"இன்னும் வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"குளிருதா?"

"இல்லம்மா." அவர் கம்பளியின் நடுத்தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.