புகைமேட்டுக்கு எப்படிப் பேர் வந்துச்சு

ஒரு ஊர்ல ஒரு அம்மா, பேரு பொன்னுருவி. அவளுக்கு ஒரே பொண்ணு, செவந்தி. அவளை ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல கட்டிக்கொடுத்தாங்க. கேக்கிறியா?

"ம். சொல்லு சித்தி."

ஆடுகளை விட்டுட்டுப் பொன்னுருவியால நினைச்சப்பல்லாம் போக முடியாது. அப்போ செவந்தி சொன்னா, "சாயங்காலம் அடுப்புல பச்சை வேப்பிலை போடுறேம்மா. கருகருன்னு புகை வந்தா நான் நல்லாயிருக்கேன்னு வெச்சுக்கோ."

அப்புறம் தினமும் பொன்னுருவி ஊருக்கு வெளியே இருந்த மேட்டுல ஏறி நிப்பா. அங்க புகை குபுகுபுன்னு கிளம்பும். இவ சிரிச்சுக்கிட்டே எறங்குவா. "என்னக்கா, இன்னிக்கு மக வீட்டுல என்ன கொழம்பு?"ன்னு ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க.

ஒரு நாள் ஒரே பனி, ஒண்ணும் தெரியல. மறுநாள் காத்து விர்ருன்னு அடிச்சுது, எது யார் வீட்டுப் புகைன்னே தெரியல. அதுக்கு மறுநாள் வானம் பளிச்சுன்னு இருந்துச்சு. ஆனா புகையே இல்ல.

"ஏன் இல்ல?"

அதான் அவளுக்கும் தெரியல. ஆட்டைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, விடிஞ்சதும் கிளம்பிட்டா. சளக் சளக்னு ஆத்துல எறங்கி நடந்தா. மக வீடு பூட்டியிருக்கு. வாசல் அடுப்பைத் தொட்டா, சாம்பல் சில்லுன்னு இருக்கு.

அப்போ ஊரை ஒட்டியிருந்த குன்றுக்குப் பின்னால கலகலன்னு சத்தம். ஓடிப் பாத்தா, தோப்புல ஊரே கூடியிருக்கு. செவந்தி பெரிய அண்டாவைக் கிண்டிக்கிட்டு நிக்கிறா.

"ஏம்மா இப்படி ஓடியாந்தே?"

"உன் அடுப்பு எரியலையேடி."

"அம்மன் நோன்பும்மா. முடியிற வரைக்கும் ஊருக்குள்ள யாரும் அடுப்பு பத்தவைக்க மாட்டாங்களாம். எனக்கே நேத்து இந்தத் தோப்புக்கு வந்துதான் தெரியும். ஒரு வீட்டுலயும் புகை இல்லையே, நீ பாக்கலையா?"

"மத்த வீட்டை நான் எங்கடி பாத்தேன்."

மாமியார்க்காரி சிரிச்சா. "உக்காருங்க சம்பந்தி, மொதல்ல சாப்பிடுங்க."

"சாப்பிட்டாளா?"

வயிறு நிறைய. கிளம்பும்போது செவந்தி தன் அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீயும் மேட்டுல புகை போடும்மா. நீ நல்லாயிருக்கேன்னு எனக்கு யாரு சொல்றது?"

பொன்னுருவிக்கு அது அதுவரைக்கும் தோணவே இல்ல.

அப்புறம் சாயங்காலம் ஆனா அங்க ஒரு புகை, இங்க ஒரு புகை. பாத்தவங்கல்லாம் புகைமேடு, புகைமேடுன்னு சொல்ல, பின்னால மேட்டைச் சுத்தி வளந்த ஊருக்கும் அதே பேரு நின்னுடுச்சு.

"ம்..."

கதையும் மேட்டை விட்டு எறங்கியாச்சு. கண்ணை மூடிக்கோ.