சத்தம் நின்ற தாயத்து

மூன்று பெண்கள், ஒரு பிள்ளை. மூவருக்குமே அந்தப் பிள்ளைமேல் உயிர். ஆனாலும் ஒருத்தியை ஒருத்தி நம்பவில்லை. யார் எதைச் சொன்னார்கள், எதை மறைத்தார்கள் என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். தீர்ப்பு உங்களிடம்தான் வரப்போகிறது.

பௌசியாவின் மகன் ஹனானுக்கு வலிப்பு நோய். தஞ்சாவூர் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, "ஒரு வேளைகூட விட்டுடாதீங்கம்மா" என்றிருந்தார். பிள்ளை நன்றாகத்தான் இருந்தான். நடுவில் ஒரு காய்ச்சலோடு மறுபடி வலிப்பு வந்ததும், மாமியார் ஜுலைகாவுக்கு டாக்டர்மேல் நம்பிக்கை போய்விட்டது. "எவ கண்ணோ பட்டிருக்கு. இது மருந்துக்கு அடங்காது" என்று பேரனைத் தூக்கிக்கொண்டு, தகடு எழுதித் தாயத்து கட்டும் தகட்டு சாபுவிடம் போனார். பௌசியாவும் பின்னாலேயே போனாள்.

சாபு பிள்ளையின் அத்தா பெயரைக் கேட்கவில்லை. "பெத்தவ பேரு என்னா?" என்றார். சூனியம் வைப்பவர்கள்தான் தாயின் பெயரைக் கேட்பார்கள் என்று பௌசியா கேள்விப்பட்டிருந்தாள். செம்புத் தகட்டில் கட்டம் கட்டமாக எதையோ கீறினார். பௌசியா குர்ஆன் ஓதத் தெரிந்தவள். எட்டிப் பார்த்தாள். அவளால் ஓத முடிந்த எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை. சாபு தகட்டைச் சுருட்டிக் குப்பிக்குள் போட்டு, வாயைச் சிவப்பு அரக்கால் அடைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்து ஹனான் கழுத்தில் கட்டினார்.

"கக்கூஸுக்குப் போகையில கழட்டணுமா சாபு?" என்று பௌசியா கேட்டாள். அல்லாஹ்வின் வசனம் உள்ளே இருந்தால் கழற்றத்தானே சொல்வார் என்பது அவள் கணக்கு.

"எங்கயும் கழட்டாதே. தொறந்தும் பாக்காதே. இங்கிலீஷ் மருந்து உள்ள போனா தகடு வேலை செய்யாது. அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வந்ததும் ஜுலைகா மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டினார். அதோடு விடவில்லை.

"ஒன் மூஞ்சியே சரியில்லடி. புள்ள தலையில கைய வச்சுச் சொல்லு, இனிமே மாத்திரை குடுக்க மாட்டேன்னு."

பௌசியா கையை வைத்துச் சொன்னாள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் மருந்துக் கடைக்குப் போய்ப் புது அட்டை வாங்கிவந்து, தையல் மெஷின் டிராயரில் வெட்டுத்துணிக்கு அடியில் ஒளித்துவைத்தாள். அன்றிலிருந்து மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் அந்தச் சத்தியம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஜுலைகாவின் மூக்கு லேசுப்பட்டதல்ல. "காலங்காத்தால புள்ள வாயில என்னடி தேன் வாடை?"

"சளிக்கு மாமி. தேன் நபிகள் சொன்ன சுன்னத்தான மருந்துதானே?"

"ஒனக்குச் சுன்னத்து நேரம் பாத்துத்தான் ஞாபகம் வரும்."

இந்தச் சமயத்தில் நாத்தனார் ரிஸ்வானா ஆலிமாவுக்கு ஓதி, மார்க்கப் படிப்பை முடித்து வீட்டுக்கு வந்தாள். பிள்ளையின் கழுத்தைப் பார்த்தவுடன் குதித்தாள். "அம்மா, ஓதி ஊதுறது வேற, இது வேற. இது ஷிர்க்கும்மா, அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறது."

"நீ பால் குடிக்காமக் கத்துனப்ப தாயத்து கட்டித்தான் பொழைச்சே. பொழைச்சு வந்து எனக்கே பயான் பண்றியா?"

ரிஸ்வானா தன் வழியில் இறங்கினாள். தினமும் அந்தியில் மஃரிபு தொழுததும் பிள்ளையை மடியில் போட்டு, குர்ஆனிலிருந்து ஃபாத்திஹாவும் குல் சூராக்களும் ஓதி ஊதுவாள். குளிப்பாட்டும் வேலையையும் தானாகவே எடுத்துக்கொண்டாள். துரும்பைக்கூட நகர்த்தாதவள் கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பாட்டுகிறாளே என்று பௌசியாவுக்கு உறுத்தியது. முன்பெல்லாம் ஹனான் ஓடினால் குப்பிக்குள் தகடு கிலுகிலுவென்று ஆடும். அந்தச் சத்தம் எப்போது நின்றதென்று அவளுக்கு நினைவில்லை.

மாதங்கள் போயின. வலிப்பு வரவே இல்லை. ஜுலைகா தெருவெல்லாம் சாபுவின் புகழைப் பாடினார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பாத்திமுத்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளைக்கும் அதே நோய். "நேத்தும் வந்திருச்சு மாமி" என்று அழுதாள்.

ஜுலைகாவுக்குப் பொறுக்கவில்லை. "சாபு ஊர்ல இல்ல. அவரு வர்ற வரைக்கும் இதைக் கட்டு. இவனுக்குத்தான் சொகமாயிருச்சே. ஏய் பௌசியா, அவுத்துக் குடுடி."

பௌசியா முடிச்சை அவிழ்த்தாள். குப்பி காற்றாக இருந்தது. ஆட்டினாள், சத்தமில்லை. வாயை அடைத்திருந்தது சிவப்பு அரக்கு அல்ல. வெள்ளை மெழுகுவத்தி மெழுகு.

நிமிர்ந்து ரிஸ்வானாவைப் பார்த்தாள். அவள் அருகில் வந்து கிசுகிசுத்தாள்: "தகட்டைக் கெணத்துல போட்டுட்டேன் மதினி. நான் ஓதித்தான் அவனுக்குச் சொகமாச்சு. அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

அதற்குள் பாத்திமுத்து கையை நீட்டிவிட்டாள். "அப்ப மாத்திரைய நிப்பாட்டிரவா மாமி?"

"இப்பவே நிப்பாட்டு" என்றார் ஜுலைகா.

பௌசியா குப்பியைக் கொடுக்காமல் கைக்குள் மூடிக்கொண்டாள். இதுவரை ஒளித்து மீறிய சத்தியம், உண்மையை வாய்விட்டுச் சொன்னதும் தன் பிள்ளையைத் தாக்கிவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் தோளில் கிடக்கும் அந்தப் பிள்ளை என்ன ஆகும்?

சொல்லுங்கள். தாயத்து கட்டியவர், ஓதி ஊதியவள், மருந்து கொடுத்தவள், இந்த மூவரில் யார் செய்தது சரி? பௌசியா இப்போது வாயைத் திறக்கலாமா, கூடாதா?

விடை: ஓதிப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. குர்ஆன் வசனத்தை எழுதிக் கட்டுவதில் மார்க்கம் கற்ற ஆலிம்களிடையே இரண்டு கருத்து உண்டு. என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாததைக் கட்ட இடமில்லை. நோய்க்கு மருந்து செய்யச் சொன்னதும் நபிகள்தான். ஆகவே ஜுலைகாவிடம் பாசம் இருந்தது, செய்கை சரியில்லை. ரிஸ்வானா ஓதியது சரி. ஆனால் தகட்டை எறிந்துவிட்டு வெறும் குப்பியைத் திரும்பக் கட்டினாளே, அதனால்தான் அது இன்னொரு பிள்ளையின் கழுத்துக்குப் போகப் பார்த்தது. பௌசியா மருந்து கொடுத்தது சரி, மறைத்தது தவறு. அவள் கட்டாயம் வாயைத் திறக்க வேண்டும். அல்லாஹ்வை அல்லாமல் பிள்ளையின் தலைமேல் செய்த சத்தியம் சத்தியமே ஆகாது. சாபுவின் தகட்டைச் சந்தேகப்பட்டவள், அந்தச் சொல்லைத் தன் கழுத்தில் தானே தாயத்தாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அதை எப்போது அவிழ்த்தாள் என்று கேட்கிறீர்களா? குப்பியை ரிஸ்வானாவின் கையில் திணித்துவிட்டு, எல்லோரும் பார்க்கத் தையல் மெஷின் டிராயரை இழுத்தாளே, அப்போது.